ஒரே நினைவாற்றல் வகுப்பு: அப்பாவுக்குப் பலன், அம்மாவுக்கு இல்லை. ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் ஒரு மகள் கேட்கிறார். அவருடைய அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 72. இருவரும் தங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்தில், எட்டு வாரம் தமிழில் நடந்த நினைவாற்றல் வகுப்புக்கு ஒன்றாகப் போய்வந்தார்கள். முதல் நாளும் கடைசி நாளும் 15 சொற்களை வாசித்துக் காட்டிவிட்டு, எத்தனை நினைவில் நிற்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். அப்பா 6 சொற்களில் தொடங்கி 10 சொற்களில் முடித்தார். அம்மா 11இல் தொடங்கி 11இலேயே முடித்தார். அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவோ தனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று வகுப்பின் பக்கமே போவதில்லை. அம்மாவுக்கு மறதிநோய் தொடங்குகிறதா, ஒரே வகுப்பு ஒருவருக்கு உதவி மற்றவருக்கு உதவாமல் போவது ஏன், பணம் கட்டி இருவரையும் அடுத்த நிலை வகுப்பில் சேர்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் உளவியல் படித்தவன், மருத்துவன் அல்லன். தமிழ் பேசும் மூத்தோருக்குச் சில ஆண்டுகளாக இத்தகைய வகுப்புகளை நடத்தி வருவதால், இதே கவலையுடன் வரும் பிள்ளைகளைப் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்கு எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகும் அம்மாதான் அப்பாவைவிட ஒரு சொல் கூடுதலாகச் சொல்லியிருக்கிறார். முன்னேற்றத்தை மட்டும் கணக்கிட்டதால், தொடக்கத்திலேயே நன்றாகச் செய்தவர் தோற்றவராகவும், குறைவாகத் தொடங்கியவர் வென்றவராகவும் உங்கள் வீட்டில் தோன்றுகிறார்கள். 72 வயதில், ஒரே வாசிப்பில் கேட்ட 15 சொற்களில் 11 சொற்களைத் திருப்பிச் சொல்வது கவலைப்படவேண்டிய மதிப்பெண் அன்று. 11இலிருந்து மேலே போக நான்கு படிகள்தான் எஞ்சியிருந்தன. 6இலிருந்து மேலே போக ஒன்பது இருந்தன. கூரை தாழ்வாக உள்ள அறையில் உயரமானவர் எவ்வளவு எம்பினாலும் தெரியாது அல்லவா?

அப்பாவின் நான்கு சொற்களையும் முழுவதுமாக வகுப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒருவர் முதல் நாள் சரியாகத் தூங்காமல் வந்திருக்கலாம், புது இடம் என்று பதறியிருக்கலாம், என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரியாமல் திகைத்திருக்கலாம். அன்று வழக்கத்தைவிடக் குறைவாக வந்த மதிப்பெண், எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே அடுத்த முறை தன் வழக்கமான அளவுக்கு ஏறிவிடும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதைச் சொல்வார்கள். இதோடு, ஒரே வகைச் சோதனையை இரண்டாம் முறை எழுதுவதால் வரும் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் ஃபெர்ஹேகனும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை 1992இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற முதியோர் சராசரியாக 0.73 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்பதைக் காட்டும் அளவு) முன்னேறியிருந்தார்கள். எந்தப் பயிற்சியும் பெறாமல் இரண்டு முறை சோதனைக்கு மட்டும் வந்துபோன முதியோரும் 0.38 திட்டவிலக்கம் முன்னேறியிருந்தார்கள். தோராயமாகச் சொன்னால், வகுப்பின் பலன் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, சோதனை பழகிப்போனதால் வந்தது. இதை அப்பாவிடம் சொல்லி அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவை அளக்கும் கோலாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஒரே பயிற்சியால் ஆளுக்கு ஆள் பலன் மாறுவது விதிவிலக்கன்று, அதுவே வழக்கம். அமெரிக்காவில் 65 முதல் 94 வயது வரையிலான 2,832 பேரைக் கொண்டு நடந்த ‘ஆக்டிவ்’ என்ற ஆய்வு இத்துறையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவர்களுள் ஒரு குழுவுக்கு நினைவுப் பயிற்சியும், ஒரு குழுவுக்குத் தர்க்கச் சிந்தனைப் பயிற்சியும், இன்னொரு குழுவுக்குக் கண்ணால் கண்டதை விரைந்து அறியும் பயிற்சியும் பத்துப் பத்து அமர்வுகளாகத் தரப்பட்டன. நான்காவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. 2002இல் வெளியான முதல் முடிவுகளின்படி, பயிற்சி முடிந்த கையோடு நம்பத்தக்க முன்னேற்றம் காட்டியவர்கள் விரைவுப் பயிற்சியில் 87 விழுக்காடு, தர்க்கப் பயிற்சியில் 74 விழுக்காடு, நினைவுப் பயிற்சியில் வெறும் 26 விழுக்காடு. நினைவுப் பயிற்சி பெற்ற நால்வரில் ஏறக்குறைய மூவர் உங்கள் அம்மாவைப் போலத்தான் வீடு திரும்பினார்கள். குழுவின் சராசரி உயர்ந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தச் சராசரி, நிறைய ஏறிய சிலரையும் நின்ற இடத்திலேயே நின்ற பலரையும் கூட்டி வகுத்து வந்த எண். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று வகுப்பு விளம்பரத்தில் போடும்போது இந்த 26ஐ யாரும் போடுவதில்லை.

யார் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே நீண்ட காலமாக இரண்டு கருத்துகள் இருந்துவந்தன. ஏற்கெனவே நன்றாகச் செய்பவர்களிடம் சொந்த உத்தி ஒன்று இருக்கும், ஆகவே உத்தி இல்லாதவர்களே புதிதாகக் கற்று இடைவெளியை நிரப்பிக்கொள்வார்கள் என்பது ஒன்று. கற்பதற்கே மூளையில் வளம் வேண்டும், வளம் உள்ளவரிடமே மேலும் சேரும், எனவே இடைவெளி அகலும் என்பது மற்றொன்று. பெர்லினில் பால் பால்டஸும் ரைன்ஹோல்ட் கிளீகலும் 1980களின் இறுதியில் செய்த ஆய்வுகள் இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்த்தன. நகரின் புகழ்பெற்ற இடங்களை வரிசையாக மனத்தில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொல்லை வைத்துவிட்டுப் பிறகு மனத்தாலேயே அந்த வழியில் நடந்து எடுத்துவரும் உத்தியை அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். முதியோரும் முன்பு நினைத்தே பார்த்திராத அளவுக்குத் தேறினார்கள். ஆனால் இளையோர் அதைவிட வேகமாக ஏறிவிட்டார்கள். 1992இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், நீண்ட பயிற்சிக்குப் பிறகும் முதியோரில் ஏறத்தாழ எவரும் இளையோரின் சராசரியைத் தொடவில்லை. பயிற்சி வயதின் இடைவெளியைக் குறைக்காமல் பெரிதாக்கிக் காட்டியது.

பின்னர் 2012இல் மார்ட்டின் லவ்டேன், உல்மன் லின்டன்பெர்கர் முதலியோர் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். உத்தியைச் சொல்லிக்கொடுத்த உடனே ஆட்களுக்கு இடையிலான வேறுபாடு குறைந்தது. அதே உத்தியைத் தொடர்ந்து பழகப் பழக வேறுபாடு மீண்டும் விரிந்தது. இந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் வகுப்பறையில் நான் காண்பதும் இதுவே. முதல் இரண்டு வாரங்களில் பின்வரிசையில் இருப்பவர்கள் சட்டென்று முன்னேறுவார்கள். ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் சிலர் அந்த உத்தியைத் தமதாக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விடுவார்கள். மற்றவர்கள் இரண்டாம் வாரத்தில் எட்டிய இடத்திலேயே நிற்பார்கள். எட்டு வார வகுப்பின் கடைசி நாள் மதிப்பெண் இந்த இரண்டு கட்டங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. உங்கள் அப்பா முதல் கட்டத்தின் பலனைப் பெற்றவர் என்று ஊகிக்கிறேன். அம்மாவுக்கு அந்த முதல் கட்டம் தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். அவர் தேக்காவில் 20 ஆண்டுகளுக்கு மேல் மளிகைக் கடையில் நின்றவர், வாடிக்கையாளர்களின் கடன் கணக்கை ஏட்டில் ஏற்றும்வரை மனத்திலேயே வைத்திருப்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்காததால் அது உத்தி என்று அவருக்கே தெரியாது.

இப்படிச் சொந்த முறை உள்ளவரிடம் அதை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள் என்றால் சில வாரங்களுக்கு இரண்டுமே தடுமாறும். என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 70 வயதைத் தாண்டிய ஓர் அம்மா, பெர்லின் ஆய்வில் சொன்ன அந்த இட உத்திக்குத் தம் வீட்டையே பயன்படுத்திப் பார்த்துத் தோற்றுப்போனார். மூன்றறை வீட்டை மகன் அண்மையில்தான் புதுப்பித்திருந்ததால், அலமாரி எங்கே இருக்கிறது என்பதே அவருக்குக் குழம்பியது. கோயிலை வைத்துச் செய்து பாருங்கள் என்றேன். 40 ஆண்டுகளாகச் சுற்றிவரும் கோயில் அது. கோபுர வாசல், கொடிமரம், பலிபீடம், பிள்ளையார் சந்நிதி, நவக்கிரகம் என்று கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னார். பத்துப் பொருள்கள் கொண்ட பட்டியலில் ஒன்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். விடுபட்டது நெத்திலி. மறந்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, ‘மறக்கவில்லை தம்பி, பிள்ளையார் முன்னால் கருவாட்டை எப்படி வைப்பது? அதனால் வைக்கவே இல்லை’ என்றார். அடுத்த வாரம் அவரே வழியை மாற்றிக்கொண்டார். தேக்கா ஈரச்சந்தையின் கடை வரிசை அவருக்கு உள்ளங்கைபோலப் பழக்கம். அங்கே எதை வேண்டுமானாலும் வைக்கலாம். அன்றிலிருந்து அவர் ஒரு பொருளையும் விடவில்லை. முதல் வாரத்தோடு அளந்து நிறுத்தியிருந்தால், பயிற்சியால் பலன் பெறாதவர் என்ற பட்டியலில் அவர் பெயர் சேர்ந்திருக்கும்.

படமாக நினைப்பது சிலருக்கு இயல்பாக வரும். சிலருக்கு வரவே வராது. அப்படிப்பட்டவர்களுக்கு ஓசையும் கதையும் கைகொடுக்கும். ஒரு பாட்டின் ஈற்றுச் சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும் அந்தாதி, அச்சு இல்லாத காலத்தில் நம்மவர்கள் வைத்திருந்த நினைவுக் கயிறு. எதுகையும் மோனையும் அப்படியே. சொற்களை ஒன்றோடொன்று கோத்துச் சிறு கதையாக்கும் உத்தியை நான் அந்தாதி என்றுதான் அறிமுகப்படுத்துகிறேன். பள்ளிப்படிப்பு குறைந்த மூத்தோரும் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பலன் மாறுபடுவதற்கு வகுப்புக்கு வெளியே உள்ள காரணங்களும் பல. அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது காது. சொற்களை வாசித்துக் காட்டி நடத்தும் சோதனையில், காதில் விழாத சொல்லும் மறந்த சொல்லும் ஒரே மாதிரித்தான் பதிவாகும். கீழ்த்தளத்து நிலையத்தில் மின்விசிறியும் பக்கத்து மேசைப் பேச்சும் இருக்கும் சூழலில் இது சிறிய விஷயமன்று. காது கேட்கும் கருவி மூளைக்கு உதவுமா என்று பார்த்த ‘அச்சீவ்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் பங்கேற்றார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றாண்டு முடிவில் வேறுபாடு தென்படவில்லை. அறிவாற்றல் சரிவுக்கான ஆபத்துக் காரணிகள் கூடுதலாக இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவின் வேகம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. சராசரி ஒன்றுமில்லை என்று சொல்லும் இடத்தில், ஒரு சிலருக்கு நிறையவே கிடைத்திருக்கிறது.

அடுத்து மருந்தும் இரத்தமும். சில ஒவ்வாமை மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் புதிதாகக் கற்பதை மந்தப்படுத்தும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அவர்கள் சைவ உணவுக்காரர்களாகவும் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். சிங்கப்பூர் இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தைராய்டு குறைபாடும் மனச்சோர்வும்கூட மறதியாகவே வெளியே தெரியும். இவை சரிசெய்யக்கூடியவை. இவற்றைப் பார்க்காமல் வகுப்பை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

உள்ளூரில் நடந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். தலையில் கருவி பொருத்தி, மூளையின் மின்னலைகளைக் கொண்டே விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றை, 60 முதல் 80 வயது வரையிலான நலமான சிங்கப்பூரர்களிடம் சோதித்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, முதன்மை அளவீட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு பிரித்துப் பார்த்தபோது ஆண்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. இதைப் படித்துவிட்டு, ஆண் என்பதால்தான் அப்பாவுக்குப் பலித்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதன்மைக் கேள்விக்கு விடை இல்லாதபோது ஆண், பெண், வயது, படிப்பு என்று தரவைக் கூறு போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒரு கூறில் ஏதாவது தெரியத்தான் செய்யும். இன்னோர் ஆய்வும் அதையே காட்டும்வரை நான் அதை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்வேன்.

இனி மறதிநோய் பற்றிய அச்சம். இந்த அச்சத்தில் ஓரளவு பொருள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ‘ஆக்டிவ்’ ஆய்வில் தொடக்கத்திலேயே நினைவாற்றல் பழுதுபட்டிருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, நினைவுப் பயிற்சியால் அவர்களுக்குப் பலன் இல்லை என்பது தெரிந்தது. தர்க்கப் பயிற்சியிலும் விரைவுப் பயிற்சியிலும் அவர்கள் மற்றவர்களுக்கு நிகராகவே முன்னேறினார்கள். ஆகவே பழுது உள்ளவருக்கு நினைவுப் பயிற்சி ஒட்டாது என்பது சரி. ஆனால் ஒட்டாதவருக்கெல்லாம் பழுது என்று அதைத் திருப்பிப் போடக் கூடாது. மேலே சொன்ன நால்வரில் மூவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதுமட்டுமின்றி, பழுதுபட்ட நினைவாற்றல் உள்ளவர் 15க்கு 11இல் தொடங்குவது அரிது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வகுப்பு மதிப்பெண்ணை அன்று, சென்ற ஆண்டு இருந்த அம்மாவையும் இப்போது இருக்கும் அம்மாவையும். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது பெரும்பாலும் வைக்கும்போது கவனிக்காததால் வருவது. ஒரு பதிகம் முழுவதையும் பிசகாமல் சொல்லும் பாட்டிகூடக் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் சொன்ன செய்தியையே அரை மணி நேரத்தில் புதிதாகக் கேட்பது, பல்லாண்டுகளாகப் போய்வரும் சந்தையிலிருந்து திரும்ப வழி தெரியாமல் நிற்பது, சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கும் முன்பே தாளித்துவிட்டு அடுத்து என்ன என்று விழிப்பது, கட்டணச் சீட்டைக் கட்டிவிட்டோமா என்பதில் திரும்பத் திரும்பத் தவறுவது ஆகியவை வேறு வகை. தன் மறதியைப் பற்றித் தானே புலம்புபவரைவிட, தனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பவரைப் பற்றித்தான் வீட்டார் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்பது என் அனுபவம். இவற்றுள் எதையாவது கண்டால் பலதுறை மருந்தகத்திலோ, ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் நீங்கள் பதிந்துள்ள குடும்ப மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள். தேவையானால் அவர்களே நினைவாற்றல் மருந்தகத்துக்கு அனுப்புவார்கள். எதையும் காணாவிட்டாலும், அடுத்த முறை மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது பி12, தைராய்டு, செவித்திறன் ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

அம்மா வகுப்பை விட்டு ஒதுங்கியதுதான் எனக்கு வருத்தம். தன் நினைவாற்றல் போய்விட்டது என்று நம்பத் தொடங்கியவர் முயற்சியைக் குறைத்துக்கொள்கிறார். முயற்சி குறைந்ததால் மதிப்பெண் குறைகிறது. குறைந்த மதிப்பெண் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்துகிறது. அப்பாவின் பெருமைப் பேச்சு, அவர் அறியாமலேயே, இதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறது. இருவரின் எண்களையும் வீட்டில் யாரும் ஒப்பிடாமல் இருந்தால் நல்லது.

அடுத்த நிலை வகுப்புக்குப் பணம் கட்டலாமா? அப்பா ஆர்வமாக இருந்தால் போகட்டும். ஆனால் நினைவுப் பயிற்சி பெற்றவர்களின் நினைவுத்திறன் ஆதாயம் பத்தாண்டு முடிவில் எஞ்சியிருக்கவில்லை என்பது ‘ஆக்டிவ்’ ஆய்வின் 2014ஆம் ஆண்டு முடிவு. கற்ற உத்தியை வீட்டில் பயன்படுத்தாவிட்டால் இரண்டாவது வகுப்பும் முதலாவதைப் போலத்தான் கரையும். சொற்பட்டியலில் வந்த முன்னேற்றம் மருந்து வேளையை நினைவூட்டாது. அதற்குத் தனியாகப் பழக வேண்டும், அல்லது மாத்திரைப் பெட்டியும் கைத்தொலைபேசி அலாரமும் போதும். அம்மாவைப் பொறுத்தவரை, அதே வகை வகுப்பின் அடுத்த நிலைக்கு நான் பணம் கட்ட மாட்டேன். 15 சொற்பட்டியலைத் தாண்டிய எதையாவது அவருக்குக் கொடுங்கள்: கைத்தொலைபேசியில் புதிதாக ஒன்று, ஒரு மொழி, கோலாட்டம், எதுவானாலும் சரி. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ‘ஃபிங்கர்’ ஆய்வில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது ஒட்டுமொத்த அறிவாற்றல் தேறியது. நினைவாற்றலை மட்டும் தனியே அளந்தபோது தெளிவான வேறுபாடு இல்லை. அதன் சிங்கப்பூர் வடிவமே ‘சிங்கர்’ ஆய்வு.

அம்மாவே மீண்டும் நினைவுப் பயிற்சி வேண்டும் என்று கேட்டால், சேர்ப்பதற்கு முன் ஆசிரியரிடம் மூன்றை விசாரியுங்கள். 15க்குப் பதிலாக 30 சொற்கள் கொண்ட பட்டியல் உண்டா, தொடக்கச் சோதனையை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை வைப்பார்களா, இட உத்தி பிடிக்காதவருக்கு வேறு உத்தி கற்றுத்தருவார்களா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பணத்தில் இருவரையும் தேக்காவுக்கு அழைத்துப் போய், வாங்க வேண்டிய பொருள்களை எழுதாமல் அம்மா பொறுப்பில் விட்டுவிடுங்கள்.